அத்தையின் கால் அளவு

ஊட்டியில் இருக்கும் என் அத்தையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. நீளமான கணக்கு நோட்டு. அட்டை கிழிந்து போய், கம்பளி நூலால் குறுக்கே கட்டியிருக்கும். பார்த்தால் பால் கணக்கு என்று நினைப்பீர்கள். இல்லை, பின்னல் கணக்கு! யாருக்கு, என்ன, எத்தனை கண்ணி, மார்பு எத்தனை அங்குலம், கை எத்தனை அங்குலம் என்று 1981-லிருந்து ஒன்று விடாமல் எழுதி வைத்திருக்கிறாள். நான் பிறந்த பதினோராம் நாள் போட்டுக்கொண்ட தொப்பிகூட அதில் இருக்கிறது. என் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. அத்திம்பேரின் பெயர் பத்தொன்பது இடத்தில். அவர் ஒருவருக்கு மட்டும் ஏழு ஸ்வெட்டர், மீதி மப்ளரும் குல்லாயும்.

சென்ற டிசம்பரில் லீவு எடுத்துக்கொண்டு போயிருந்தபோது, மழை பெய்த ஒரு பிற்பகலில் பொழுது போகாமல் அந்த நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினேன். மொத்தம் 143 உருப்படிகள். அத்தையின் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். அத்தை எதிரே உட்கார்ந்து யாரோ ஒரு குழந்தைக்குச் சட்டை பின்னிக்கொண்டிருந்தாள். காலில் அத்திம்பேரின் பழைய ஸாக்ஸ். அதில் ஓட்டை. ஓட்டை வழியாகக் கட்டை விரல் வெளியே வந்து உலகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊட்டிக் குளிர் எப்படியிருக்கும் என்று சென்னை வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 7,300 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் காலையில் எழுந்து பார்த்தால் தலைகுந்தாப் பக்கம் புல்வெளியெல்லாம் உப்பைத் தூவிய மாதிரி உறைபனி. ஸ்வெட்டர், சால்வை, மப்ளர் என்று மேலே எதைப் போர்த்தினாலும், சிமெண்டுத் தரையின் ஜில்லிப்பு உள்ளங்கால் வழியாக ஏறிவிடும்.

“அத்தை, நீங்க ஏன் உங்களுக்கு ஒரு ஜோடி ஸாக்ஸ் பின்னிக்கக் கூடாது?” என்றேன்.

“பின்னிக்கணும்னுதான் இருக்கேன்” என்றாள் அத்தை, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எத்தனை நாளா?”

“பதினஞ்சு வருஷமா.”

நிட்டிங் தெரிந்த சகோதரிகள் இந்த இடத்தில் புன்னகை செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்வெட்டரைக் கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிறவர்கள்கூட ஸாக்ஸ் என்றால் நாளைக்கு, அடுத்த மாதம், நவராத்திரி முடியட்டும் என்பார்கள். அதிலும் தனக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

அத்தையிடம் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. மார்க்கெட்டில் நூறு ரூபாய்க்கு மூன்று ஜோடி கிடைக்கிறதாம். அதற்காக யாராவது ராப்பகலாக உட்கார்ந்து பின்னுவார்களா? சரி, நியாயம்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெல்லிய நூலில் பெண்கள் கால் அளவுக்குப் பின்னினால், ஒரு காலுக்கு ஏறக்குறைய 10,000 கண்ணி வருகிறது. அத்தையின் வேகத்தில் நிமிஷத்துக்கு 25 கண்ணி என்றால் கையை எடுக்காமல் ஆறேழு மணி நேரம். அது முடிந்ததும் இன்னொரு கால் இருக்கிறது! ஒன்றைப் பின்னிவிட்டு மற்றொன்றை ஆரம்பிக்காமலே வைத்திருப்பது உலகம் முழுவதும் பின்னல்காரர்களுக்கு உள்ள வியாதி.

ஆனால் அன்றைக்கு அத்தையின் மடியில் இருந்த குழந்தைச் சட்டையும் கடையில் சல்லிசாகக் கிடைப்பதுதான். அதைச் சொன்னேன். அத்தை பேச்சை மாற்றினாள்.

“அதில்லேடி. குதிகால் இருக்கே, அது எனக்கு வராது.”

இது நிஜமான காரணம் என்று தோன்றியது. நிட்டிங் தெரியாதவர்களுக்காக இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஸாக்ஸ் என்பது கணுக்கால் வரையில் ஒரு குழாய். இரண்டு முனையும் கூரான ஐந்து ஊசிகள் வேண்டும். நாலு ஊசியில் கண்ணிகளைப் பங்கிட்டு, ஐந்தாவதால் சுற்றிச் சுற்றிப் பின்னினால் தையலே இல்லாமல் குழாய் இறங்கும். ஆனால் மனிதக் கால் குழாய் இல்லையே! குதிகாலில் ‘ட’ எழுத்தைப் போல வளைகிறதே!

அந்த வளைவுக்காக, 64 கண்ணி இருந்தால் 32-ஐ மேல்பாதத்துக்கென்று சும்மா நிறுத்திவிட வேண்டும். மற்ற 32-ல் மட்டும் முன்னும் பின்னுமாக 32 வரி. குதிகாலின் பின்புறத்தை மூடுகிற சதுரத் துண்டு இது. அதன் பிறகுதான் வேடிக்கை. வரிசையின் நடுவைச் சற்றுத் தாண்டியதும் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்து, மேலும் ஒன்று பின்னி, மீதியை அப்படியே ஊசியில் விட்டுவிட்டுத் திரும்பிவிட வேண்டும். மறுபக்கமும் அவ்விதமே. ஒவ்வொரு தடவையும் சிறிது அதிகமாகப் போய்த் திரும்பத் திரும்ப, 32 கண்ணி 18 ஆகிவிடும். அப்போது பார்த்தால் கையில் ஒரு கிண்ணம் உட்கார்ந்திருக்கும்! குதிகால் வைப்பதற்கென்றே செய்த கிண்ணம். பிறகு சதுரத் துண்டின் இரண்டு ஓரங்களிலும் பதினாறு பதினாறு கண்ணி எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்தால் 82. ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று இரண்டிரண்டாகக் குறைத்து வந்தால் ஒன்பது குறைப்பில் பழையபடி 64. அங்கிருந்து விரல்வரை நேர் ரஸ்தாதான்.

அத்தைக்கு இந்தக் கணக்கு புரியாமல் இல்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக வரிசையை முடித்துவிட்டே திரும்பிய கை, பாதியில் திரும்பு என்றால் கேட்க மாட்டேன் என்கிறது. “அடுப்பில பாலை வச்சுட்டுக் கோவிலுக்குப் போற மாதிரி இருக்குடி” என்றாள்.

“அப்படியானால் ஒரு தடவை பண்ணிப் பார்த்திருக்கிறீர்கள்!”

அத்தை பதில் சொல்லவில்லை. அத்திம்பேர் பேப்பருக்குப் பின்னாலிருந்து, “1994” என்றார்.

அந்த வருஷம் அத்தை தனக்கென்று சாம்பல் நிற நூல் வாங்கி ஆரம்பித்தாளாம். குதிகாலில் கணக்குத் தப்பிவிட்டது. பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு குல்லாய் பின்னிவிட்டாள். நோட்டில் தேடினேன், குல்லாய் இருக்கிறது, ஸாக்ஸ் இல்லை.

“உன் ரோஜாக் கலர் ஸ்வெட்டரை நாலு தடவை பிரிச்சேன். ஒண்ணும் தோணலை” என்றாள் அத்தை. “எனக்குன்னு ஆரம்பிச்சதை ஒரு தடவை பிரிச்சதுக்கே வெட்கமாப் போச்சு. இவ்வளவு நூலை வீணடிச்சோமேன்னு.”

இதற்கு நான் என்ன சொல்வது? கொஞ்ச நேரம் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தையே மறுபடி பேசினாள். “அதோட, கையால பின்னினதைக் காலால மிதிக்கறதாவது!”

“பாப்பாக்களுக்கெல்லாம் பூட்டீஸ் பின்னியிருக்கீங்களே?”

“அதுகள் எங்கே நடக்கிறது?”

பத்திரிகைக்காரியிடம் இப்படியெல்லாம் சொன்னால் விடுவேனா? எனக்குத் தெரிந்த சரித்திரத்தையெல்லாம் அவிழ்த்துவிட்டேன். முதல் உலக யுத்தத்தின்போது (1914-18) பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெண்கள் வீட்டிலும் ரயிலிலும் உட்கார்ந்து சிப்பாய்களுக்கு ஸாக்ஸ் பின்னிக் குவித்தார்கள். பதுங்கு குழியின் ஈரத்தில் சிப்பாய்களின் கால் அழுகாமலிருக்க உலர்ந்த ஸாக்ஸ் வேண்டியிருந்தது. விரல் நுனியில் உறுத்தாமல் மூடுகிற தையலுக்கு அந்தக் காலத்து யுத்த மந்திரி கிச்சனர் பிரபுவின் பெயர்தான் இன்றும் வழங்குகிறது. இயந்திரம் அதற்கு முன்பே வந்தாயிற்று. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் காலுறை பின்னும் யந்திரத்தைச் செய்தது 1589-ல். ஆனாலும் கைப்பின்னல் நிற்கவில்லை.

இதற்கெல்லாம் அத்தை அசையவில்லை. “அவாளும் பிறத்தியாருக்குத்தானே பின்னினா” என்றாள். சரியான அடி!

கடைசியில் உதவிக்கு வந்தது எகிப்து. லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் மியூஸியத்தில் சிவப்புக் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி இருக்கிறது. எகிப்தில் ஆக்ஸிரிங்கஸ் என்னும் பழைய ஊரில் தோண்டி எடுத்தது. 1,600 வருஷத்துப் பழசு. இன்றைய நிட்டிங் முறை அல்ல, ஒற்றை ஊசியால் முடிச்சிட்டுச் செய்தது. விசேஷம் என்னவென்றால், அதில் கட்டை விரலுக்குத் தனி அறை. வாரை விரல்களுக்கு நடுவே விட்டுச் செருப்புப் போடுவதற்காக!

போனில் படத்தைக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

“பார்த்தேளா, இவாளும் செருப்புத்தான் போட்டிருக்கா” என்று அத்திம்பேரிடம் சொன்னாள். ஊட்டியில் ஸாக்ஸோடு செருப்பு மாட்ட முடியாமல் தட்டுத் தடுமாறும் எத்தனையோ மாமிகளில் அத்தையும் ஒருத்தி. பிறகு, “மெட்டி மாட்டிக்குமேடி?” என்றாள்.

மெட்டியின் வாய் திறந்திருக்கும் பக்கம்தான் நூலைப் பிடித்து இழுக்கிறது. மோதிரம் பெரிதாயிருந்தால் நூல் சுற்றுவோமே, அந்த மாதிரி சுற்றிவிட்டால் போயிற்று. இதைச் சொன்னது நான் அல்ல, அத்தையேதான். சொன்ன மாத்திரத்தில், இனிக் காரணம் ஒன்றும் பாக்கியில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“அளவு என்ன?” என்று நோட்டை எடுத்தேன்.

அத்தை விழித்தாள். 143 உருப்படிகளின் அளவும் மனப்பாடம். தன் கால் அளவு தெரியாது! டேப்பை எடுத்துக்கொண்டு நான் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைத் தொட்டதும், காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, “நன்னா இரு, நன்னா இரு” என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டாள். “நமஸ்காரம் இல்லை அத்தை, அளவு எடுக்கிறேன்!” என்று சொல்ல வேண்டியதாயிற்று.

பாதத்தின் சுற்றளவு 9 அங்குலம். ஸாக்ஸ் இழுத்துப் பிடித்து நிற்க வேண்டுமாதலால் ஓர் அங்குலம் குறைத்து 8 அங்குலத்துக்குப் பின்ன வேண்டும். அங்குலத்துக்கு 8 கண்ணி. ஆக, 64.

நூல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கடையில் ‘உல்லன்’ என்று எடுத்துப் போடுவதில் முக்கால்வாசி அக்ரிலிக். குழந்தைச் சட்டைக்குச் சரி. செருப்புக்குள் வியர்க்கிற காலுக்குச் சௌகரியமில்லை. சுத்தக் கம்பளியோ குதிகாலில் சீக்கிரம் தேய்ந்துவிடும். 75 பங்கு கம்பளியும் 25 பங்கு நைலானும் கலந்த ஸாக்ஸ் நூல் என்று தனியாக இருக்கிறது. 100 கிராம் உருண்டையில் ஏறக்குறைய 400 மீட்டர். ஒரு ஜோடிக்குப் போதும், ஓட்டை விழுந்தால் இழை ஓட்டவும் மிஞ்சும். சென்னை திரும்பியதும் ஆர்டர் கொடுத்து வரவழைத்து அனுப்பினேன். கூடவே 13-ம் நம்பர் ஊசி ஐந்து, அதாவது 2.25 மில்லிமீட்டர். “இது ஊசியா, ஈர்க்குச்சியா?” என்று அத்தை கேட்டாள்.

பொங்கலுக்கு மறுநாள் டெலிபோன் வந்தது. குதிகாலில் இரண்டு தடவை பிரித்தாளாம். “நூல் வீணாச்சா?” என்று கேட்டேன். “நூல் எங்கே போறது, அங்கேதானே இருக்கு” என்றாள்.

“முடிஞ்சுதா?”

“இடது கால் முடிஞ்சுது. வலது கால் நாலு விரக்கடை வந்திருக்கு. அதுவரைக்கும் இடதை மட்டும் மாட்டிண்டு உட்கார்ந்திருக்கேன். பால்காரன் பார்த்துட்டு, ‘என்னம்மா, அடிபட்டுடுத்தா?’ன்னு கேட்டான்.”