வெளிச்சத்தின் ஒரே வேலை

‘வெளிச்சம் பட்டதும் மாறிவிடும் பொருளை எப்படிக் கண்ணால் பார்த்து ஆராய்கிறார்கள்?’ என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார். அவர் கேட்பது நம் விழித்திரையில் இருக்கும் ரொடாப்சின் என்ற புரதத்தைப் பற்றி. பதிலில் பாதி எளிது: சிவப்பு விளக்கில். ரொடாப்சின் ஏறக்குறைய 500 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலப்பச்சை ஒளியை ஆவலோடு விழுங்கும். அடர்சிவப்பை ஏறெடுத்தும் பார்க்காது. ஆகவே இறைச்சிக்கூடத்திலிருந்து வரும் மாட்டுக் கண்களை மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் அறுத்து, புரதத்தைப் பிரித்தெடுப்பார்கள்.

விழித்திரையில் மங்கலான ஒளியை உணரும் குச்சி செல்களில்தான் ரொடாப்சின் இருக்கிறது. மிச்சப் பாதிப் பதிலுக்கு வருகிறேன்.

இந்தப் புரதத்தின் மடிக்குள் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு வளைந்து உட்கார்ந்திருக்கிறது. வைட்டமின் ஏ-யிலிருந்து வருவது அது. ஒளித்துகள் ஒன்றை வாங்கிக்கொண்டதும் பெரும்பாலும் அது நிமிர்ந்துவிடும். எவ்வளவு நேரத்தில்? 200 ஃபெம்டோ நொடிக்குள் என்று 1991-ல் பெர்க்லி ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். ஒரு நொடியை ஐந்து லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அதன்பின் புரதம் படிப்படியாக உருமாறி, ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில், நரம்புச் செய்திக்கு வழிதிறக்கும் வடிவத்தை அடைகிறது.

இந்த ஓட்டத்தை நடுவில் நிறுத்திப் பார்க்க ஒரு தந்திரம் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது அம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுவார். கொதிப்பு அந்த நொடியிலேயே நின்றுபோகும். விரலால் உருட்டிப் பதம் பார்ப்பார். ஹார்வர்டில் ஜார்ஜ் வால்டும் தோரு யோஷிசாவாவும் 1963-ல் ரொடாப்சினுக்குச் செய்ததும் அதுவே. தண்ணீருக்குப் பதில் திரவ நைட்ரஜன். அந்தக் குளிரில் ஒளியைப் பாய்ச்சினால் ரெட்டினால் நிமிரும்; சுற்றியுள்ள புரதமோ அசைய முடியாமல் உறைந்து நிற்கும். கொஞ்சம் சூடேற்றினால், மைனஸ் 140 டிகிரி வாக்கில் அடுத்த பதம். மைனஸ் 40-ல் இன்னொன்று, மைனஸ் 15-ல் மற்றொன்று. ஒவ்வொரு பதத்துக்கும் தனி நிறம். கடைசியில் செந்நிறம் வெளுத்து மஞ்சளாகிவிடும். கண்ணுக்குள் இமைப்பதற்குள் முடிந்துவிடும் நாடகத்தை ஆற அமர, காட்சி காட்சியாகப் பார்த்துவிட்டார்கள். இப்போது உறைய வைக்காமலேயே பார்க்க முடிகிறது. ரொடாப்சின் படிகங்களில் ஒளியைப் பாய்ச்சி, ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு கழிந்ததும் எக்ஸ்ரே லேசரால் படம்பிடித்த ஆய்வு 2023-ல் வெளியானது. ரெட்டினால் அதற்குள் முறுக்கிக்கொண்டு நிமிர்ந்திருக்கிறது. மிஞ்சிய ஆற்றலில் புரதம் மூச்சுவிடுவதுபோல் விம்முகிறது.

1967-ல் நோபல் பரிசு பெற்ற வால்ட் இதிலிருந்து கண்ட உண்மை இன்றும் என்னை அசத்துகிறது. பார்வையில் ஒளிக்கு ஒரே வேலைதான்: ரெட்டினாலை நிமிர்த்துவது. மற்ற அத்தனையும் ஒளியின் துணையில்லாமல், இருட்டிலும் நடக்கக்கூடிய வேதிவினைகள். நிமிர்ந்த ரெட்டினால் புரதத்தைவிட்டுக் கழன்று, பக்கத்துச் செல் அடுக்குக்குப் போய், மறுபடி வளைக்கப்பட்டுத் திரும்பி வருகிறது. நிதானமான வேலை. பளீர் வெளிச்சத்திலிருந்து வந்த கண் முழு இருட்டுக்குப் பழக அரை மணிக்கு மேல் ஆகும்.

அந்த அரை மணியை நாம் கண்ணுக்குக் கொடுப்பதே இல்லை. விடிய விடிய எரியும் விளம்பரப் பலகைகள், வானத்தை நோக்கி ஒளியைக் கொட்டும் தெருவிளக்குகள். மின்சாரம் போனால் அடுத்த கணமே கைபேசி டார்ச். நட்சத்திரம் பார்க்க ஊருக்கு வெளியே கூடும் இடத்தில்கூட யாராவது ஒருவர் திரையைத் தட்டி, அங்கிருக்கும் அத்தனை பேர் கண்ணிலும் அதுவரை சேர்ந்த இருள்பழக்கத்தைக் கெடுத்துவிடுகிறார். அனுபவப்பட்ட வான்நோக்கர்கள் டார்ச்சில் சிவப்புத் தாளை ஒட்டிக்கொள்வது, ஆய்வகத்தில் சிவப்பு விளக்கு எரிவதற்கான அதே காரணத்தால்தான். வெளிச்சத்துக்குச் செலவழிக்கும் நகராட்சிகள், தெருவிளக்கின் தலையில் ஒரு மூடி போட்டு ஒளியைத் தரையைப் பார்க்கத் திருப்பினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி நம் சட்டைப்பையில் இருக்கிறது.