கண்ணாடித் தகட்டில் வானத்தை அளந்தவர்

ஒரு நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிறது, இன்னொன்று மங்கலாகத் தெரிகிறது. மங்கலானது ரொம்ப தூரத்தில் இருக்கிறது என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். பக்கத்திலேயே இருக்கும் சோப்ளாங்கி நட்சத்திரமாகவும் இருக்கலாம்!

நூறு வருடங்களுக்கு முன்னால் வானியலாளர்கள் இதில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். வழிகாட்டியவர் அமெரிக்காவின் ஹென்ரியேட்டா ஸ்வான் லீவிட்.

அவர் வேலை பார்த்த ஹார்வர்ட் வானாய்வகத்தில் தொலைநோக்கி ஆண்கள் கையில் இருந்தது. படங்களைப் பார்த்துக் கணக்குப் போடுவது பெண்களின் வேலை. லீவிட்டுக்குச் சம்பளம் மணிக்கு 30 சென்ட்.

வானத்தைக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடிப்பார்கள். நட்சத்திரங்கள் அதில் கறுப்புப் புள்ளிகளாக விழும். ஒரே இடத்தை வெவ்வேறு நாட்களில் எடுத்த தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எந்தப் புள்ளி பெருத்தது, எது சிறுத்தது என்று பார்க்க வேண்டும். இப்படிக் கண்ணைப் பிழிந்தே, ஒளி கூடிக் குறையும் நட்சத்திரங்கள் சுமார் 2,400-ஐ அவர் கண்டுபிடித்தார்.

பெரு நாட்டிலிருந்து வந்த தகடுகளில் சிறிய மெகல்லானிய மேகம் இருந்தது. அது ஒரு நட்சத்திரக் கூட்டம். அதிலுள்ள எல்லா நட்சத்திரங்களும் நமக்கு ஏறக்குறைய ஒரே தூரம். ஆகவே அங்கே பளிச்சென்று தெரிவது உண்மையிலேயே பளிச்சென்று எரிவதுதான்! அங்கே சீராக ஒளி கூடிக் குறையும் ‘செஃபீடு’ வகை நட்சத்திரங்கள் 25-ஐ லீவிட் ஒப்பிட்டார். ஒளி கூடிக் குறைய ஒன்றுக்கு ஒன்றேகால் நாள், இன்னொன்றுக்கு 127 நாள். அதிக நாள் எடுப்பது அதிகப் பிரகாசம்.

தெருக்கோடி பல்பு எத்தனை வாட் என்று தெரிந்தால், அது தெரிகிற வெளிச்சத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம் அல்லவா? செஃபீடு எத்தனை வாட் என்று சொல்லும் கணக்குதான் லீவிட் கண்டது.

இதைச் சொல்லி 1912-இல் வெளியான அறிக்கையில் கையெழுத்திட்டவர் வானாய்வக இயக்குநர் பிக்கரிங். தயாரித்தவர் லீவிட் என்று உள்ளே ஒரு வரி இருந்தது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

1923-இல் வானியலாளர் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமெடா என்ற ஒளித்திட்டில் ஒரு செஃபீடைப் பார்த்தார். லீவிட்டின் கணக்கைப் போட்டதும், ஆண்ட்ரோமெடா நம் பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனி விண்மீன் மண்டலம் என்று தெரிந்தது. 1925-இல் லீவிட்டை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பி, சுவீடன் கணித அறிஞர் மிட்டாக்-லெஃப்ளர் கடிதம் எழுதினார். லீவிட் 1921-லேயே இறந்துவிட்டது அவருக்குத் தெரியாது.

நம் துருவ நட்சத்திரமும் செஃபீடுதான். சுமார் நான்கு நாளுக்கொரு முறை அதன் ஒளி கூடிக் குறைகிறது. மாற்றம் மிகச் சிறியது என்பதால் வெறும் கண்ணால் பிடிக்க முடியாது.