கூடைக்குள் விளக்கு

வெளிச்சம் வேண்டித்தான் விளக்கைப் போடுகிறோம். போட்ட விளக்கின் மீது ஒரு கூடையைக் கவிழ்ப்பது எதற்காக? முதலாண்டு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அழகுக்காக என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது.

அலங்காரத்துக்கென்று வாங்கி, சில மாதம் கூடத்தில் வைத்திருந்து, பிறகு பரணில் ஏற்றிவிட்ட பொருள்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. பனையோலைக் கூடை, வண்ணக் கண்ணாடிப் பூச்சாடி, துளை வேலைப்பாடு கொண்ட பித்தளைப் பாத்திரம் எனப் பலவகை. இவற்றை விளக்குக் கூடுகளாக மாற்றுவது எளிது. எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதை இயற்பியலைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் கண்கூச்சத்தைப் பார்ப்போம். 9 வாட் எல்.இ.டி. குமிழ் ஒன்று ஏறக்குறைய 800 முதல் 900 லூமென் ஒளி தருகிறது. அவ்வளவும் சுமார் 6 செ.மீ. விட்டமுள்ள ஒரு சிறு உருண்டையிலிருந்து வருகிறது. கண்ணை உறுத்துவது ஒளியின் மொத்த அளவு அன்று. அது எவ்வளவு சிறிய பரப்பில் செறிந்திருக்கிறது என்பதே. இக்குமிழை 30 செ.மீ. விட்டமுள்ள வெள்ளைத் துணிக் கூண்டுக்குள் வைத்தால் விட்டம் 5 மடங்காகிறது; பரப்போ 25 மடங்காகிறது. இப்போது நம் கண்ணுக்குத் துணியே விளக்கு. அதன் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் பொலிவும் முன்பிருந்ததில் 25-இல் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் அறையின் வெளிச்சம் 25-இல் ஒரு பங்காகிவிடுவதில்லை. துணி விழுங்கிய அளவே குறைகிறது. மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான். 1951-இல் ஜப்பானின் கிஃபு நகரக் கைவினைஞர்களின் காகிதக் கூண்டுகளைக் கண்டு, சிற்பி இசாமு நொகுச்சி உருவாக்கத் தொடங்கிய ‘அகாரி’ விளக்குகள் உலகப் புகழ் பெற்றன. அவற்றிலும் மெல்லிய காகிதம் செய்யும் வேலை இதுவே.

வண்ணக் கண்ணாடி வேறு வகை. சிவப்புச் சாடி சிவப்பை மட்டும் வெளியே விட்டு மற்ற நிறங்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மூலையில் வைக்க அழகாக இருக்கும். அதன் கீழே அமர்ந்து படிக்க முடியாது.

துளையிட்ட பித்தளைப் பாத்திரம்தான் பலரை ஏமாற்றுவது. உள்ளே விளக்கு வைத்தால் சுவரெங்கும் பூக்கோலம் விழும் என்று எதிர்பார்ப்பார்கள். விழாது, சுவர் மங்கலாக வெளுத்து நிற்கும். காரணம், ஒவ்வொரு துளையும் ஓர் ஊசித்துளைக் காமிரா. அது சுவரில் காட்டுவது துளையின் வடிவத்தை அன்று, விளக்கின் பிம்பத்தை. குமிழிலிருந்து துளை 10 செ.மீ., துளையிலிருந்து சுவர் 2 மீட்டர் என்று கொள்ளுங்கள். பிம்பம் 20 மடங்கு பெரிதாகும், 6 செ.மீ. குமிழ் 120 செ.மீ. வட்டமாக விழும். துளைகளுக்கிடையே 2 செ.மீ. இடைவெளி இருந்தால் வட்டங்களின் மையங்கள் சுவரில் 42 செ.மீ. தள்ளியே அமையும். ஆகவே வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கலங்கிவிடுகின்றன. பால்வெள்ளைக் குமிழுக்குப் பதிலாக 2 மி.மீ. அளவுள்ள ஒற்றை எல்.இ.டி.யை வைத்துப் பாருங்கள். 2 மி.மீ. துளைகள் ஒவ்வொன்றும் 8 செ.மீ. அளவுள்ள தனித்தனிப் புள்ளியாகத் தெளிவாக விழும். இழை தெரியும் கண்ணாடிக் குமிழாக இருந்தால், அந்த இழைகளே தலைகீழாகச் சுவரில் வரிசை வரிசையாகத் தெரியும். வகுப்பில் காட்டினால் மாணவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

இனி வெப்பம். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், அம்மா வைத்திருந்த பனையோலைக் கூடையைக் கவிழ்த்து 60 வாட் இழைக் குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் கருகல் வாடை. கூடையின் அடிப்பகுதி பழுப்பேறியிருந்தது. “இதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாயா?” என்றார் அம்மா. இழைக் குமிழ் உட்கொள்ளும் ஆற்றலில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட ஒளியாவதில்லை, ஏனையது வெப்பமே. அதன் கண்ணாடி 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சுடும். ஓலை, துணி, காகிதம் ஆகியவற்றுக்குள் அதை வைக்கவே கூடாது.

எல்.இ.டி. வந்தபின் அந்த அபாயம் பெருமளவு குறைந்துவிட்டது. ஆனால் அது சூடே ஆகாது என்பது தவறு. அதிலும் பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வெப்பமாகவே மாறி, குமிழின் கழுத்துப் பகுதியில் சேர்கிறது. மின்சுற்றும் அங்கேதான் இருக்கிறது. அச்சுற்றிலுள்ள மின்தேக்கியின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலாளர் கணக்கு. மூடிபோட்ட கண்ணாடி ஜாடிக்குள் தொங்கும் எல்.இ.டி. குமிழ் சீக்கிரமே பழுதாவது இதனால்தான். மூடியை எடுத்துவிடுங்கள். கூடையாயின் மேலும் கீழும் திறப்பு வேண்டும். சூடான காற்று மேலே செல்ல, குளிர்ந்த காற்று கீழிருந்து உள்ளே வரும்.

உலோகப் பாத்திரத்தில் மேலும் ஓர் ஆபத்து உண்டு. இதை அலட்சியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்கம்பி நுழைவதற்காகப் போட்ட துளையின் விளிம்பு கத்திபோல் இருக்கும். விளக்கு காற்றில் ஆட ஆட, அந்த விளிம்பு கம்பியின் மேலுறையை அறுத்துவிடும். பிறகு பாத்திரம் முழுவதும் 230 வோல்ட் மின்சாரம்! விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் வளையம் பொருத்த வேண்டும். பாத்திரத்துக்கு எர்த் கம்பி இணைக்க வேண்டும். எடையைச் சங்கிலி தாங்க வேண்டுமே தவிர மின்கம்பி தாங்கக்கூடாது. இணைப்பை மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

அம்மாவின் கூடை இன்றும் எங்கள் கூடத்தில் தொங்குகிறது. கருகிய அடிப்பகுதியை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டேன். சூடான காற்று வெளியேறும் வழி இப்போது அதுவே. உள்ளே எரிவது 7 வாட் எல்.இ.டி.