மலையேறினால் மூச்சு வாங்கும் மோட்டார்

தெலுக் பஹாங் படகுத்துறையில் அதிகாலையில் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தால் உறுமிக் கிளம்பும் அவுட்போர்டு மோட்டார் ஒன்றைக் கழற்றி, ஊட்டி ஏரிக்குக் கொண்டுபோய் ஒரு படகில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். கிளம்பும், ஆனால் கரும்புகை கக்கும். முழு வேகத்துக்குத் திருகினாலும் படகு சோம்பலாகவே நகரும். மோட்டாரில் பழுது ஏதுமில்லை. ஊட்டி இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். அங்கே காற்று மெலிந்திருக்கிறது.

கடலோரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,013 மில்லிபார். நம் கொடிமலை உச்சியில், 833 மீட்டரில், அது பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஊட்டியில் 770 மில்லிபார்தான். அங்கே தண்ணீர் 93 டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுவதும், குக்கர் இல்லாவிட்டால் பருப்பு வேகத் தாமதிப்பதும் இதனால்தான். சிலிண்டருக்குள் போகும் பிராணவாயுவும் அதே கணக்கில் குறைகிறது. 300 மீட்டருக்கு 3 விழுக்காடு சக்தி போகும் என்பது மெக்கானிக்குகளின் வாய்ப்பாடு. அப்படியானால் 40 குதிரைத்திறன் மோட்டார் ஊட்டியில் 31 தான் தரும்.

அந்த இழப்பைத் தவிர்க்க வழியில்லை. கரும்புகையைத் தவிர்க்கலாம். கார்புரேட்டருக்குக் காற்றை எடைபோடத் தெரியாது. அதன் தொண்டை வழியே பாயும் காற்றின் உறிஞ்சல், 'ஜெட்' எனப்படும் பித்தளைத் துளை வழியே பெட்ரோலை இழுக்கிறது. காற்றின் அடர்த்தி கால்பங்கு குறைந்தால் பெட்ரோலும் கால்பங்கு குறையவேண்டும். ஆனால் இழுபடும் பெட்ரோல், அடர்த்தியின் வர்க்கமூலத்தை ஒட்டியே மாறும். ஆகவே எட்டில் ஒரு பங்குதான் குறைகிறது. மிச்சம் எரியாமல் புகையாகிறது. ஸ்பார்க் பிளக்கில் கரியாகப் படிகிறது.

தீர்வு, சிறிய ஜெட். துளை 1.50 மில்லிமீட்டர் இருந்தால் 1.40 போதும். ஒரு தலைமுடியின் பருமன்தான் வித்தியாசம்! ஊசியால் குடைந்தோ ஈயம் வைத்து அடைத்தோ சரிக்கட்டும் கைவேலை இதில் எடுபடாது. எண் பொறித்த ஜெட்டைத்தான் வாங்கி மாட்டவேண்டும்.

அடுத்தது புரொப்பெல்லர். காற்று மெலிந்தாலும் ஏரித் தண்ணீர் மெலிவதில்லை. பலமிழந்த மோட்டார் பழைய புரொப்பெல்லரைச் சுழற்றத் திணறும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறவேண்டும் என்பதைக் குறிக்கும் 'பிட்ச்' அளவைக் குறைத்தால் சுமை குறையும். ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 சுற்று கூடும். 13 அங்குலத்துக்குப் பதில் 11 போட்டுப் பார்க்கலாம். சைக்கிளில் மேடேறும்போது கியரை மாற்றுவது போலத்தான். படகின் உச்சவேகம் குறையும், ஆனால் மோட்டார் தனக்குரிய சுற்றை எட்டிவிடும்.

எரிபொருளைக் கணினி அளந்து செலுத்தும் புதிய மோட்டார்களில் ஜெட் வேலை இல்லை. காற்றழுத்தத்தை உணரும் கருவி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும். இல்லாத பிராணவாயுவை அதனாலும் கொண்டுவர முடியாது. புரொப்பெல்லரை அங்கேயும் மாற்றத்தான் வேண்டும்.

உண்மையான ஆபத்து மலையேறும்போது வருவதில்லை, இறங்கும்போதுதான் வருகிறது. ஜெட்டை மாற்றாமல் கொண்டுபோனால் புகையும் பெட்ரோல் செலவும்தான் நட்டம். சிறிய ஜெட்டோடு கடலோரம் திரும்பினாலோ, கனத்த காற்றுக்குப் பெட்ரோல் பற்றாது. எரிதல் கடுஞ்சூடாகும். டூ ஸ்ட்ரோக் மோட்டாராக இருந்தால் இன்னும் மோசம். பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றும் ரகங்களில், பெட்ரோல் குறைந்தால் மசகும் குறையும். பிஸ்டன் தலை உருகலாம், சிலிண்டரோடு இறுகிப்போகலாம். பிட்ச் குறைந்த புரொப்பெல்லரும் மாட்டியிருந்தால் மோட்டார் வரம்பு மீறிச் சுழலும். கரையை விட்டு வெகுதூரத்தில் இது நேர்ந்தால், இன்னொரு படகு வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் கழற்றிய பெரிய ஜெட்டைச் சிறு பையில் போட்டு, எண்ணை எழுதி, மோட்டாரின் கைப்பிடியிலேயே கட்டிவைப்பது நல்லது. கடலில் இறக்குமுன் கண்ணில் படும். மாற்றிய பிறகு சிறிது நேரம் ஓட்டி, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் இன்னும் போதவில்லை, கடலுக்குப் போகாதீர்கள்.