டெக்ஸாஸில் விடுதலைத் திருநாள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் சுதந்தர தினம் ஜூலை மாதம் 4-ஆம் தேதி என்பதை நம் பள்ளிச் சிறுவரும் அறிவர். அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக, ஜூன் 19-ஆம் தேதியன்று, அத்தேசத்துக் கறுப்பர் தங்களுக்கென வேறொரு சுதந்தர தினத்தைக் கொண்டாடி வருகிறார்கள். மாதத்தின் பெயரையும் தேதியையும் ஒன்றாய்க் குழைத்து 'ஜூன்டீன்த்' என்று அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். 1776-இல் மானிட சமத்துவத்தை உலகறியப் பறைசாற்றிய அதே தேசத்தில் லட்சக்கணக்கானோர் விலைப் பொருளாகவே இருந்தனராதலால், ஒரு தேசத்துக்கு இரண்டு சுதந்தர தினங்கள் ஏற்பட்டதில் வியப்பொன்றுமில்லை.

கலகஞ் செய்த தென்மாகாணங்களிலுள்ள அடிமைகள் யாவரும் விடுதலை பெற்றோர் என்று ஜனாதிபதி லிங்கன் 1863-ஆம் வருஷம் ஜனவரி 1-ஆம் தேதி பிரகடனம் செய்தார். ஆயினும் பிரகடனம் வேறு, விடுதலை வேறு. வடநாட்டுச் சேனை எவ்விடம் சென்றதோ, அவ்விடத்திலேதான் அக்காகிதத்துக்கு உயிர் உண்டாயிற்று. டெக்ஸாஸ் மாகாணமோ தூரத்தே கிடந்தது. சேனைக்கு அஞ்சிய தோட்ட முதலாளிகள் பிற மாகாணங்களிலிருந்து தங்கள் அடிமைகளை ஆடுமாடுகளைப்போல் அங்கே ஓட்டிச் சென்றனர். யுத்த முடிவில் அம்மாகாணத்திலிருந்த அடிமைகள் சுமார் 2,50,000 பேர். தென்னவரின் தளபதி லீ 1865 ஏப்ரல் 9-ஆம் தேதி சரணடைந்தும், இவர்களுடைய விலங்கு கழன்றபாடில்லை. ஜூன் 19-ஆம் தேதியன்றுதான் ஜெனரல் கிரேஞ்சர் என்பார் கால்வெஸ்டன் துறைமுகத்தில் விடுதலை உத்தரவைப் பிறப்பித்தார். லிங்கனுடைய பிரகடனத்துக்கும் இதற்கும் இடையே கழிந்த காலம் ஏறக்குறைய இரண்டரை வருஷம்!

அவ்வுத்தரவை நிதானமாகப் படித்தல் வேண்டும். அடிமைகள் யாவரும் சுதந்தரர். மனித உரிமையிலும் சொத்துரிமையிலும் அவர்களுக்கும் பழைய எஜமானருக்கும் பேதமில்லை என்று அது தொடங்குகிறது. பிற்பகுதியின் தொனியோ வேறு. இருந்த இடத்திலேயே அமைதியாயிருந்து கூலிக்கு வேலை செய்க. ராணுவ முகாம்களில் வந்து கூடலாகாது. சோம்பியிருப்போர் ஆதரிக்கப்படமாட்டார் என்று அது புத்தி கூறுகிறது. தலைமுறை தலைமுறையாய்க் கூலியின்றி உழைத்தவரை நோக்கிச் சோம்பல் கூடாதென்று உபதேசித்த சாமர்த்தியத்தை என்னென்பது! அவர்களுக்கென்று ஒரு குழி நிலமும் அதில் சொல்லப்படவில்லை. இத்துணையும் போதாதென்று, அறுவடை முடியுமட்டும் செய்தியையே மறைத்துவைத்த முதலாளிகளும் உண்டு.

எனினும் அந்நாளை அவர்கள் கைவிடவில்லை. லிங்கன் கையெழுத்திட்ட நாளை விடுத்து, செய்தி தங்கள் செவியை எட்டிய நாளையே 1866 முதல் டெக்ஸாஸ் கறுப்பர் திருநாளாக்கிக்கொண்டனர். காலையில் பிரார்த்தனை, பின்னர்ப் பிரகடனத்தை உரக்கப் படித்தல், அடிமை வாழ்வைக் கண்ட முதியோர் தம் அனுபவத்தைச் சொல்லப் பிள்ளைகள் கேட்டிருத்தல், அப்பால் நெருப்பில் வாட்டிய இறைச்சி, தர்ப்பூசணி, சிவப்புப் பானம் ஆகியவற்றுடன் ஊர் கூடி விருந்துண்ணல். அடிமைகளாயிருந்த காலத்தில் கந்தலுடுத்தவர்கள் அன்று தங்களிடமுள்ளவற்றில் சிறந்ததை உடுத்திக்கொண்டனர்.

கூடுவதற்கு இடம் வேண்டுமே! ஹூஸ்டன் நகரத்தில் 1872-ஆம் வருஷம், தாமும் அடிமையாயிருந்தவரான போதகர் ஜாக் யேட்ஸ் முதலியோர் முன்னின்று, இரண்டு கிறிஸ்தவ சபையாரின் காசைத் திரட்டி, 10 ஏக்கர் நிலம் வாங்கினர். விடுதலை பெற்று ஏழு வருஷமே ஆகியிருந்த ஏழைகள் தங்கள் திருநாளுக்காகவே வாங்கிய நிலம் அது. 'விடுதலைப் பூங்கா' என்ற பெயருடன் இன்றும் அது விளங்குகிறது.

1865 டிசம்பரில் அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையைத் தேசமெங்கும் ஒழித்தது; குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய வேலை வாங்கலாமென்று ஒரு சிறு வாயிலையும் திறந்துவைத்தது. அவ்வாயில் வழியே பழைய கொடுமை வேறு வேஷம் பூண்டு நுழைந்தது. கறுப்பர் அற்பக் குற்றங்களுக்காகச் சிறைப்பட்டு, தோட்டங்களுக்கு வாடகைக்கு விடப்பட்டனர். ஹூஸ்டனுக்கருகே ஷுகர் லாண்ட் என்னும் ஊரில் 2018-ஆம் வருஷம் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டியபோது, அவ்விதம் உழைத்து மாண்ட 95 பேருடைய எலும்புகள் வெளிப்பட்டன.

சர்க்கார் கண் திறந்தது மிகத் தாமதமாகவே. டெக்ஸாஸ் மாகாணம் 1980-இல் அந்நாளை விடுமுறையாக ஏற்றது. மத்திய சர்க்கார் 2021-இல் ஏற்றது. இதன்பொருட்டு உழைத்தவருள் ஓபல் லீ என்னும் மூதாட்டியார் குறிப்பிடத்தக்கவர். இவர் 1939-ஆம் வருஷம் பன்னிரண்டு வயதுச் சிறுமியாயிருந்தபோது, வெள்ளையர் வசித்த பகுதியில் குடிபுகுந்த குற்றத்துக்காக, போர்ட் வொர்த் நகரில் இவர் குடும்பத்தாரின் வீட்டை ஒரு கும்பல் சூறையாடியது. அது நடந்த தேதியும் ஜூன் 19-ஆகவே இருந்தது! 2016-இல், தமது 89-ஆம் வயதில், வாஷிங்டனை நோக்கி யாத்திரை புறப்பட்டார். செய்தி வரத் தாமதித்த இரண்டரை வருஷத்தைக் குறிக்குமாறு ஊர்தோறும் இரண்டரை மைல் நடந்தார். சட்டம் கையெழுத்தானபோது அருகிலிருந்து கண்டார். சூறையாடப்பட்ட வீடு நின்ற மனை பின்னர் இவர் கைக்கு மீண்டும் வந்தது. அங்கே கட்டிய புது வீட்டின் சாவியை 2024 ஜூன் மாதத்தில், 97 வயதில், ஓபல் லீ பெற்றுக்கொண்டார்.