உவர் நிலத்தில் நடவும் நெல்மணியின் தரமும்

அனுமந்தை முதல் மரக்காணம் வரையிலுள்ள கடலோரக் கிராமங்களில், சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்திற்குக் கொண்டுபோகும் குடியானவர்கள் என்னிடம் அடிக்கடி முறையிடுவதொன்றுண்டு. வித்தும் ஒன்று, எருவும் ஒன்று. மேட்டு வயல் நெல் சன்ன ரகமென்று எடுபடுகிறது, உப்பளத்தை அடுத்த வயல் நெல்லோ சுருங்கிய மணியென்று தள்ளப்படுகிறது. இஃதென்ன நியாயம் என்பர்.

முதிராத, சுருங்கிய மணிகள் நூற்றுக்கு 3-க்கும், ஈரம் நூற்றுக்கு 17-க்கும் மேற்படலாகாதென்பது கொள்முதலின் பொது விதி. சில பருவங்களில் இது தளர்த்தப்படுவதுண்டாயினும், அதை நம்பிப் பயிரிடுதல் தகாது. அரிசியின் நீளம் அகலத்தைப் போல் இரண்டரை மடங்கேனும் இருந்தால்தான் 'ஏ' தரம். இந்த வடிவம் பெரும்பாலும் வித்தோடு வருவது. பூக்குமுன்னரே உமியின் அளவு அமைந்துவிடுகிறபடியால், அதற்குள் அடங்கியே அரிசி வளரவேண்டும். கோயமுத்தூரில் 1912-ல் ஏற்பட்ட நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-ல் வெளியிட்ட ஜி.இ.பி. 24 என்னும் நெல், சன்ன அரிசிக்காகவே பேர்பெற்றது. ஆனால் உமிக்குள் அரிசி நிறைவதும், ஆலையில் நொய்யாகாமல் முழு அரிசியாய் விழுவதும் நிலத்தையும் நடவையும் பொறுத்தவை. நம்மவர் பிசகுவது இவ்விடத்தில்தான்.

பிசகியவர்களில் நானும் ஒருவன். திருந்திய நெல் சாகுபடி இம்மாகாணத்தில் பரவியபோது, 14 நாள் நாற்றைக் குத்துக்கு ஒன்றாக, 9 அங்குல இடைவெளியில் நடும்படி ஊர்தோறும் சொல்லிவந்தேன். நல்ல மண்ணில் கதிர் நீண்டு மணி நிறைந்தது உண்மை. அந்த உற்சாகத்தில், உப்பளத்தை ஒட்டிய ஒரு வயலிலும் வரப்பில் நின்று அவ்வாறே நடுவித்தேன். ஒரு வாரத்தில் இலை நுனி வெளுத்துப் பாதிக்கு மேல் மடிந்தது. போக்கிடங்களில் மறுபடியும் நட்டோம். அறுவடையின்போது பொன்னிற மணியும் பச்சை மணியும் ஒரே வயலில் கலந்து நின்றன. ஆலையில் நொய்யே மிகுந்தது. "ஐயா, எங்கள் பாட்டன்மார் முதிர்ந்த நாற்றை முடி முடியாக நட்டது சோம்பலினால் அன்று" என்றார் நிலத்துக்குரிய பெரியவர். பதில் சொல்ல எனக்கு வாயில்லை.

காரணம் இது. நெற்பயிர் முளைக்கும்போது உவரை ஓரளவு தாங்கும். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் தாங்காது. தூர் கட்டும்போது மறுபடியும் தாங்கும். பூக்கும் சமயத்தில் திரும்பவும் தாங்காமல் பதராகும். ஆகையால் உவர் வயலுக்கு நாற்றங்காலை நல்ல தண்ணீருள்ள இடத்தில் விட்டு, 30 முதல் 35 நாள் நாற்றைக் குத்துக்கு மூன்று நான்காக, 6 அங்குலத்துக்கு 4 அங்குலம் நெருக்கி நடவேண்டும். பின்தூர்கள் குறைவதால் கதிர்கள் ஒருங்கே முதிரும். தழைச்சத்தை வழக்கத்தினும் கால் பங்கு கூட்டியிடலாம். ஜிப்சம் களர் நிலத்துக்கே மருந்து. நம் கடலோர உவருக்கு நல்ல நீரைத் தேக்கி வடிப்பதே வழி, வடிகால் தூர்ந்து கிடந்தால் அதுவும் பலிக்காது.

நடவைத் தாமதிப்பதும் கெடுதி. ஐப்பசி, கார்த்திகை மழை உப்பைக் கீழே இறக்கும். மழை நின்று வெயில் ஏறினால் உப்பும் மேலேறும். அதற்குமுன் பயிர் பூத்துவிட வேண்டும்.

வித்தைப் பற்றி: பி.பி.டி. 5204-இன் சன்னம் விலை தருமாயினும், உப்புப் பூக்கும் வயலில் அதை நம்பலாகாது. கோ 43 ஓரளவு உவர் தாங்கும், 1982-ல் வெளியானது, அரிசியும் நடுத்தரச் சன்னம். மிகுந்த உவருக்குத் திருச்சி 1 ஏற்றது. மணி பருமனாயினும் நிறைந்து வரும். சுருங்கிய சன்னத்தைக் காட்டிலும் நிறைந்த பருமன் கைக்கு அதிகப் பணம் தரும் என்பது என் அபிப்பிராயம்.

மணிகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பழுத்ததும் அறுத்துவிடவேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையின் தாரில் நெல்லைப் பரப்பிக் காயவைப்பதை விடவேண்டும். சூட்டில் திடீரெனக் காயும் மணிக்குள் விரிசல் விழுந்து ஆலையில் உடையும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் சம்பாப் பயிரைக் காலத்தில் அடங்கலில் ஏற்றினால் கொள்முதலில் அலைச்சல் குறையும். உப்புப் பூக்கும் வயலுடையோர் ஆனி மாதத்திலேயே மண் மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, மின்கடத்துதிறன் 4-க்கு மேற்பட்டால் ஆடி பிறக்குமுன் வேளாண்மை விரிவாக்க மையத்தில் வித்துக்குச் சொல்லிவைக்கவும்.