கைநாட்டுகளின் வங்கி
எழுதப் படிக்கத் தெரியாது என்று மறுக்கப்பட்ட மகாராஷ்டிரக் கிராமப் பெண்கள், கணக்குத் தெரியும் என்று சொல்லி உரிமம் வாங்கிய கதை

காந்தாபாய்க்குத் தேவைப்பட்டது ஒரு பிளாஸ்டிக் ஷீட். மழைக்காலம் வருவதற்குள் வாங்கிக் கூரையாகக் கட்டிவிட்டால் குடும்பம் நனையாது. மகாராஷ்டிர மாநிலம் சதாரா மாவட்டத்து மஸ்வட் ஊரில் தெருவோரம் இரும்பு வேலை செய்து பிழைத்தவர் அவர். தினக் கூலியில் கொஞ்சம் மிச்சம் பிடித்துப் போட்டு வைக்க வங்கிக் கணக்கு கேட்டார். தொகை மிகச் சிறியது என்று கைவிரித்தது வங்கி.

விஷயம் சேத்னா காலா சின்ஹாவிடம் வந்தது. மும்பையில் பிறந்து, விவசாயி ஒருவரை மணந்து, வறட்சிக்குப் பேர்போன இந்த மாண் வட்டாரத்தில் குடியேறியவர். கணக்குத் தர வங்கிகள் தயாராக இல்லை என்றால் பெண்களே ஒரு வங்கி தொடங்கினால் என்ன என்று யோசித்தார். 1996இல் ரிசர்வ் வங்கிக்கு விண்ணப்பம் போனது. வங்கியைத் தொடங்கப்போகும் உறுப்பினர்கள் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

மனமுடைந்து திரும்பிய சின்ஹாவுக்குத் தைரியம் சொன்னவர்கள் அந்தப் பெண்கள்தான். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். வகுப்புகள் ஆரம்பமாயின. பகலெல்லாம் உழைத்துவிட்டு அதன் பிறகு வந்து எழுத்துக்கூட்டினார்கள்.

ஐந்து மாதம் கழித்து மறு விண்ணப்பம். இம்முறை சின்ஹாவுடன் 15 பெண்களும் ரிசர்வ் வங்கிக்குப் போனார்கள். "நாங்கள் சிறுவயதில் இருந்தபோது ஊரில் பள்ளிக்கூடம் இல்லை, அது எங்கள் குற்றமல்ல, ஆனால் கணக்குத் தெரியும்" என்கிற ரீதியில் வாதாடினார்கள். எந்தத் தொகைக்கும் வட்டி கேளுங்கள், உங்கள் அதிகாரிகளும் கால்குலேட்டர் இல்லாமல் போடட்டும், யார் முந்துகிறார்கள் பார்ப்போம் என்று சவாலும் விட்டார்கள். 1997இல் மாண் தேசி மகளிர் கூட்டுறவு வங்கி பிறந்தது.

அது வீண் சவால் அல்ல. வட்டிக்கடையில் அடிபட்டவர்களுக்கு வட்டிக் கணக்கு விரல் நுனியில் இருக்கும். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் என்றால் சிறிதாகத் தெரியும். ஆண்டுக்கு 120 சதவீதம்! ஆயிரம் ரூபாய் வாங்கியவர் 10 மாதத்தில் ஆயிரம் ரூபாய் வட்டி கட்டியிருப்பார். அசல் அப்படியே நிற்கும். அதே கணக்கைச் சேமிப்புக்குத் திருப்பிப் போட்டால், தினம் 10 ரூபாய் ஒதுக்குபவர் கையில் ஆண்டு முடிவில் 3,650 ரூபாய் இருக்கும். வயது வந்தோருக்கு வங்கிப் பாடம் நடத்துபவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய நூல் இது. தெரிந்த கணக்கில் தொடங்கினால் தெரியாத படிவம் பயமுறுத்தாது.

முன்னுதாரணம் உண்டு. 1974இல் அகமதாபாத்தில் ஆளுக்கு 10 ரூபாய் போட்டு 4,000 பெண்கள் சேவா வங்கியைத் தொடங்கினார்கள். இலா பட் தலைமையிலான அந்த முயற்சியிலும் கையெழுத்துதான் முதல் தடை. கணக்கு எண் எழுதிய சிலேட்டைக் கையில் பிடித்தபடி எடுத்த புகைப்படமே வாடிக்கையாளருக்கு அடையாளமானது.

மஸ்வடில் அடுத்த சிக்கல் நேரம். வங்கிக்கு வந்து காத்திருந்தால் அன்றைய கூலி போய்விடும். எனவே வங்கியே வீட்டு வாசலுக்குப் போனது. 2018 வாக்கில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் அதில் கணக்கு வைத்திருந்தார்கள்.

2014இல் வந்த ஜன் தன் திட்டத்துக்குப் பிறகு கணக்குத் தொடங்குவது கடினமாக இல்லை. அதைத் தாங்களே கையாளுவதுதான் பலருக்கு இன்னும் கைவரவில்லை. படிவத்தை யாரோ நிரப்பித் தருகிறார்கள். ரகசிய எண் மகனுக்கோ கடைக்காரருக்கோ தெரிந்திருக்கிறது. மீதி எவ்வளவு என்று தானே பார்க்கத் தெரியாதவரின் பணம், பெயரளவில்தான் அவருடையது.

மஸ்வட் பெண்கள் இதை முன்பே யோசித்திருந்தார்கள். ரகசிய எண் முறையைக் கொண்டுவரலாம் என்று பேச்சு வந்தபோது வேண்டாம் என்றார்கள். எண்ணை யாரும் தெரிந்துகொள்ளலாம். கட்டைவிரலை யாரும் திருட முடியாது என்பது அவர்கள் கட்சி. அவர்கள் கேட்டது கைரேகை முறை. 1996இல் உரிமத்துக்குக் குறுக்கே நின்ற அதே கைநாட்டு!